பதினொரு மணி மாத்திரை

அன்று விசாரணை அறையில் இருந்தவர்கள் நால்வர்: நடுவர் அம்மா, தட்டச்சர், பேரூராட்சிச் செயல் அலுவலர் வைகுந்தம், அவரிடம் பத்தாண்டு தற்காலிக உதவியாளனாக இருந்து நீக்கப்பட்டு, வேலையை நிரந்தரமாக்கக் கேட்டு வழக்குப் போட்ட சங்கிலி.

"இவன் முகத்தையே நான் பார்த்ததில்லை," என்று சாதித்தார் வைகுந்தம்.

"சாட்சி இல்லையென்றால் வழக்கு இன்றோடு முடிந்தது, சங்கிலி," என்றார் நடுவர்.

"பதினொன்று அடிக்கட்டும்மா."

அடித்தது. சங்கிலி சட்டைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு வைகுந்தத்தின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றான்.

"ஐயா, மாத்திரை."

கோப்பிலிருந்து கண்ணெடுக்காமல் வைகுந்தம் கையைப் பின்னால் நீட்டினார். வாங்கி விழுங்கி, அவன் கொடுத்த தண்ணீரையும் குடித்தார்.

"ஏன்டா சங்கிலி, வெந்நீர் எங்கே?"

தட்டச்சர் அதையும் பதிந்தார்.

"ஐயா சொன்னது பொய்யில்லைம்மா," என்றான் சங்கிலி. "முகத்தைப் பார்த்ததே இல்லை. கையை மட்டும்தான் நீட்டுவார்."

சங்கிலிக்கு வேலை நிரந்தரம் என்று தீர்ப்பானது. அட்டையில் மீதி மூன்று மாத்திரை.