எந்த பியருக்கு எந்த கிளாஸ்

புதுச்சேரியில் பியர் காய்ச்சி விற்கும் சிறு கடை ஒன்றை ஃபிலோமினா நடத்திவந்தார். வயது முப்பத்தெட்டு. அவரிடம் தொழில் கற்க வந்த குலசேகரனுக்கு ஐம்பத்து நான்கு. நில அளவைத் துறையில் வரைபடம் வரையும் வேலையை விட்டுவிட்டு, சொந்தமாகக் கடை திறக்கும் ஆசையில் வந்திருந்தார்.

முதல் நாளே கேட்டார். “மேடம், எந்த பியருக்கு எந்த கிளாஸ்?”

ஃபிலோமினா சொன்னார். கோதுமை பியருக்கு உயரமான கிளாஸ். நுரை நிற்க இடம் வேண்டும். வாசனை மிகுந்த பியருக்கு வாய் குவிந்த கிளாஸ். வாசனை உள்ளேயே தங்கும். லேசான பியருக்கு ஒல்லியானது.

குலசேகரன் கோடு போட்டு அட்டவணை எழுதிக்கொண்டார்.

மறுநாள் கேட்டார். “நுரை எத்தனை விரல், மேடம்?”

“ரெண்டு.”

அதற்கு மறுநாள், “யாரோட விரல், மேடம்?”

ஃபிலோமினா கிளாஸ் கழுவப் போய்விட்டார்.

சனிக்கிழமை மதியம் அமிர்தலிங்கம் வந்தார். பக்கத்துத் தெருக்காரர், பெயிண்ட் அடிப்பவர். வாரம் தவறாமல் வருகிறவர்.

“ஆரஞ்சுத் தோல் போட்டது குடுங்க. கைப்பிடி வெச்ச மக்ல.”

குலசேகரன் வாய் குவிந்த கிளாஸை எடுத்தார்.

“மக் கேட்டேனே.”

“மக்குக்கு வாய் அகலம், சார். வாசனையெல்லாம் பறந்துடும்.”

“பறந்தா பறக்கட்டும்.”

“அப்படிச் சொல்லாதீங்க. வாசனை தெரியாம இதைக் குடிக்கிறதுக்குப் பச்சைத் தண்ணியே குடிக்கலாம்.”

பக்கத்து மேசையில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

அமிர்தலிங்கம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு காய்ச்சல் வந்துது. அதோட எனக்கு எந்த வாசனையும் தெரியறதில்ல. வீட்டுல கேஸ் கசிஞ்சாக்கூட என் பொண்ணுதான் சொல்லணும்.”

எழுந்து போய்விட்டார்.

குலசேகரன் கிளாஸும் கையுமாக உள்ளே போனார். நடந்ததைச் சொன்னார். பிறகு கேட்டார். “வாசனை தெரியாதவருக்கு எந்த கிளாஸ், மேடம்?”

ஃபிலோமினா நெற்றியில் அறைந்துகொண்டார். அதே பியரை வாய் குவிந்த கிளாஸில் கொஞ்சம், மக்கில் கொஞ்சம் ஊற்றி அவர் முன்னால் வைத்தார்.

“மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடிங்க.”

கிளாஸில் குடித்தார். நாக்கில் கசப்பு மட்டும் இருந்தது. மக்கை எடுத்தார். கனத்தது. உள்ளங்கை முழுக்கக் குளிர்ந்தது. நுரை மீசையில் அப்பிக்கொண்டது. மூக்கை விடாமல் இன்னொரு வாய் குடித்தார்.

“அவர் எதுக்காக வர்றார்னு இப்ப தெரியுதா?”

“தெரியுது, மேடம்.” கை சட்டைப் பையில் பேனாவைத் தேடியது. “வாசனை தெரியாதவங்களுக்கு மக். அட்டவணையில சேர்த்துக்கவா?”

“சார்!”

ஃபிலோமினா ஒரு பாட்டிலை நிரப்பி, மூடி, அவர் கையில் திணித்தார். “பச்சை கேட் போட்ட வீடு. போய் மன்னிப்புக் கேளுங்க.”

குலசேகரன் வாசல்வரை போனார். நின்றார். திரும்பி வந்து கிளாஸ் அலமாரியைப் பார்த்தார்.

“கூட எந்த கிளாஸை எடுத்துட்டுப் போகட்டும், மேடம்?”

“அவர் வீட்டுல டம்ளர் இருக்கும், சார். போங்க.”