சட்டைப்பையில் காந்தம்

மேசையில் இருந்த திசைகாட்டியின் முள் வடக்கைக் காட்டவில்லை. ஆய்வு மாணவன் சேந்தனின் சட்டைப்பையைக் காட்டியது.

"பையில என்ன?" என்றார் பேராசிரியர் வடிவாம்பாள்.

எடுத்து வைத்தான். காந்தம். கற்களின் காந்தத்தை அளக்கும் இடம் என்பதால் சாவிக்கொத்தைக்கூட வாசலிலேயே வைத்துவிட்டு நுழையும் ஆய்வகம் அது.

"யார் கல்லுல தேய்ச்சே?"

"நஸ்ரின் கல்லுல."

"எத்தனை?"

"ஒண்ணுதான் மேடம். அதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க."

பொறாமைதான். வேறு பெயர் எதற்கு? எரிமலைக் குழம்பு ஆறிக் கல்லாகும்போது அன்றைய வடக்கைத் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். அவனோடு ஆய்வு செய்யும் நஸ்ரினின் சிவந்த கற்கள் எல்லாம் ஒரே திசையைச் சொல்லின. அந்தக் காலத்தில் பூமியின் காந்த வடக்கும் தெற்கும் இடம் மாறி இருந்தனவாம். ஆய்வகமே கைதட்டியது. சேந்தனும் தட்டினான். அவனுடைய கற்களோ ஆளுக்கொரு திசை சொல்லின.

"அவளுக்கு நல்ல பாறை. எனக்கு இடி விழுந்து கலைஞ்ச பாறை. பிரிச்சுக் கொடுத்தது நீங்கதானே?"

"நான்தான்."

அவ்வளவுதான் சொன்னார். தேய்த்த கல்லை அளந்தார். திரையில் அதன் திசையைக் காட்டும் புள்ளி எங்கோ விலகி நின்றது. பின்னால் ஏறிய காந்தம் சூட்டில் முதலில் கழன்றுவிடும் என்பதால், கல்லை உலையில் வைத்தார். சுட்டார், ஆறவிட்டார், அளந்தார். இன்னும் கூடுதலாகச் சுட்டார். ஒவ்வொரு தடவையும் புள்ளி கொஞ்சம் நகர்ந்தது. அறுநூறு டிகிரியைத் தாண்டியதும் நஸ்ரினின் மற்றப் புள்ளிகளோடு போய்ச் சேர்ந்துகொண்டது.

சேந்தனுக்கு மூச்சு வந்தது. கூடவே எரிச்சலும். காந்தம் வைத்துத் தேய்த்தும் அவள் கல் தப்பிவிட்டதே!

"அப்போ ஒண்ணும் கெடலையே மேடம்?"

"கல் கெடலை."

"பிறகென்ன? அவளுக்கு எதுக்குத் தெரியணும்?"

"கல்லை உலையில வெச்சேன். உன்னை அவ எதிர்லதான் வைக்க முடியும். போய்ச் சொல்லு."

வாசலில் நஸ்ரின் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டிருந்தாள். "என்னண்ணா, மூஞ்சி சுட்ட கல்லு மாதிரி இருக்கு? வாங்க, டீ குடிக்கலாம்."

போனான். வடையும் அவளே வாங்கிக் கொடுத்தாள்.

"என் கல் ஒண்ணை மேடம் இன்னிக்கே சுட்டுட்டாங்களாமே. ஏன்ணா?"

சேந்தன் வடையைப் பிட்டான்.

"வடை நல்லா இருக்கு" என்றான்.