அழுங்கின் வயிற்றில் செதில் இல்லை

அந்தக் காலத்தில், விலங்கும் மனிதரும் ஒரே பேச்சைப் பேசித் திரிந்தபோது, அழுங்குக்கு உடம்பில் ஒரு செதில்கூடக் கிடையாது. எறும்புத்தின்னி என்கிறோமே, அதேதான். மூக்கிலிருந்து வால்வரை வெறும் தோல். ஆண்டுக்கு ஒரு குட்டி போடும். இரண்டு ஆண்டாகப் போட்ட குட்டியைச் சிறுத்தை தூக்கிக்கொண்டு போயிற்று. மூன்றாவது குட்டி பிறந்ததும் அது மலையைவிட்டு இறங்கி, அடிவாரத்தில் கொல்லன் பூதனின் உலைக்களத்து வாசலில் வந்து நின்றது.

பூதன் வாய்ச்சவடாலுக்குப் பேர்போனவன். தான் அடித்த வாளைப் பற்றி அவன் பேசுவதைக் கேட்டால், அந்த வாள் தானாகவே போய்ச் சண்டை போட்டுவிட்டு வீடு திரும்பும் என்று தோன்றும். ஆனால் கை நல்ல கை. அதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

“அண்ணே, எனக்கு ஓடத் தெரியாது. கடிக்கப் பல்லும் இல்ல. இந்த ஒண்ணாவது தங்கணும். மேலுக்கு ஏதாச்சும் போட்டுவிடுங்க,” என்றது அழுங்கு. அதன் வாலில் தொற்றிக்கொண்டிருந்த குட்டி பூதனை எட்டிப் பார்த்தது.

பூதனுக்கு மனசு இளகிவிட்டது. அதை வெளியே காட்டிக்கொள்வானா? “போட்டா எந்த ஆயுதமும் தொட முடியாத மாதிரி போடுவேன் தாயி. இல்லேன்னா சுத்தியலையே தொடமாட்டேன்,” என்றான்.

நாலு நாள் உலை அணையவில்லை. சின்னச் சின்ன இரும்புத் தகடுகளாக அடித்து, கூரைக்கு ஓடு வேய்கிற மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி கோத்தான். உயிரின்மேல் போட்டுச் சோதிக்க முடியுமா? ஒரு பூசணிக்காய்க்கு அந்தக் கவசத்தைச் சுற்றி, இரும்பு அடிக்கும் அடைகல்லின்மேல் வைத்து இறுக்கிக் கட்டினான்.

தன்னிடம் இருந்ததிலேயே நல்ல வாளை எடுத்து ஓங்கி வெட்டினான். பொறி பறந்தது. கவசத்தில் கீறல்கூட இல்லை, வாளின் கூர்தான் மழுங்கியது. வேலால் குத்தினான். முனை தகட்டின்மேல் வழுக்கிக்கொண்டு போய் மண்ணில் இறங்கியது. மெல்லிய கட்டாரி மட்டும் கள்ளத்தனம் செய்தது: கீழிருந்து ஒரு தகட்டை நெம்பி, அரை விரல் உள்ளே போய்விட்டது. பூதன் தகடுகளை நெருக்கிக் கோத்தான். அடுத்த குத்தில் கட்டாரி வளைந்துபோயிற்று.

“பாத்தியா தாயி! இனி எவன் வந்தாலும்...” என்று ஆரம்பித்தான்.

“இந்தச் சம்மட்டிய விட்டுட்டீங்களே,” என்றாள் அவன் மனைவி சாத்தி. உலைக்களத்தில் பெரிய சம்மட்டி போடுகிறவள் அவள்தான்.

“அது ஆயுதமா புள்ள? அதுக்குக் கூரும் இல்ல, முனையும் இல்ல.”

சாத்தி சம்மட்டியைத் தலைக்குமேல் தூக்கி ஒரே போடு போட்டாள். கவசத்தில் சிறு நெளிவுகூட இல்லை. பூதன் விழுந்து விழுந்து சிரித்தான். அவள் கட்டை அவிழ்த்தாள். உள்ளே பூசணிக்காய் என்று ஒன்று இல்லை. கூழும் விதையுமாக ஒழுகியது. வெட்டும் குத்தும் நுழையாத இரும்பு, கனத்தை அப்படியே உள்ளே விட்டிருந்தது.

“அண்ணே,” என்றது அழுங்கு, “அதுக்குள்ள இருக்கப் போறது நான்.”

அன்றைக்குப் பூதனுக்குச் சோறு இறங்கவில்லை. தகட்டைத் தடிமனாக்கினால் அழுங்கால் நடக்க முடியாது. சாத்திதான் இன்னொரு பூசணிக்காயைக் கொண்டுவந்தாள். அதற்குக் கவசத்தைச் சுற்றி, கல்லோடு கட்டிப்போடாமல் வெறுந்தரையில் வைத்து அடித்தாள். காய் சம்மட்டிக்கு அடியிலிருந்து நழுவி, வாசலைத் தாண்டி உருண்டு ஓடியது. பிரித்துப் பார்த்தால் உள்ளே முழுசாக இருந்தது.

“கட்டி வெச்சதாலதான் நசுங்கிச்சு. உருள விட்டா தப்பிச்சுக்குது,” என்றாள்.

பூதன் முதுகு, வயிறு, வால் என்று ஓரிடம் விடாமல் அழுங்குக்குத் தகடு வைத்தான். பிசின் காய்ச்சி ஒட்டினான். ஆபத்து வந்தால் பந்தாய்ச் சுருண்டுகொள் என்று சொல்லி அனுப்பினான்.

மூன்றாம் நாள் காலையில் அழுங்கு திரும்பி வந்தது. குட்டியின் முகமெல்லாம் கீறல், காய்ந்த ரத்தம்.

“பால் குடிக்க வந்தா வயித்துத் தகடு கிழிக்குது அண்ணே. மூணு நாளா வாய் வைக்கல. வயித்துல இருக்கறத எடுத்துடுங்க.”

“எடுத்தா சிறுத்தையோட ஒரு நகம் போதும், உன் குடலை உருவிடும். என் கையால அதச் செய்யமாட்டேன்.”

அழுங்கு அங்கேயே உட்கார்ந்து, புற்றை உடைக்கிற தன் நகத்தை முதல் தகட்டுக்கு அடியில் கொடுத்து இழுத்தது. பிசினோடு தோலும் வந்தது. அடுத்ததை இழுத்தது. பூதன் “வேண்டாம் தாயி, வேண்டாம்” என்று கத்தினான். சாத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கடைசித் தகடும் விழுந்தபின் குட்டி ஊர்ந்துபோய் வாய் வைத்தது.

ரத்த வாடைக்குச் சிறுத்தை வந்துவிட்டது. பூதன் வேலைத் தூக்கினான். அழுங்கின்மேல் பட்டுவிடுமோ என்று எறியத் தயங்கினான். அதற்குள் அழுங்கு சுருண்டுவிட்டது. மூக்கு, கால், வயிறு, குட்டி எல்லாம் உள்ளே, மேலே வால். சிறுத்தை கடித்தது, பல் வழுக்கியது. பிராண்டியது, நகம் வழுக்கியது. ஆத்திரத்தில் தன் கனம் முழுவதையும் வைத்து ஓங்கி அறைந்தது. பந்து சரிவில் உருண்டு ஓடியது. விரட்டிப் போய் அறைந்தது. இன்னும் தள்ளி உருண்டது. கடைசியில் உடைந்த பல்லை நக்கிக்கொண்டு சிறுத்தை காட்டுக்குள் போய்விட்டது.

பூதன் ஓடிப்போய்ப் பார்த்தான். பந்து மெல்ல அவிழ்ந்தது. குட்டி இன்னும் வாயை எடுக்கவில்லை, குடித்துக்கொண்டே இருந்தது. பூதன் வாழ்நாளில் முதல்முறையாகத் தன் கைத்திறனைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், கையிலிருந்த வேலைக் கீழே வைத்தான்.

“வயித்துக்கு வேற ஏதாச்சும் அடிச்சுப் பாப்பமா?” என்று கேட்டாள் சாத்தி.

“வேண்டாம் புள்ள. தன் உடம்பச் சுருட்டி அந்தத் தாயி போட்டுருக்கறதுக்கு மேல என்னால போட முடியாது.”

அன்று முதல்தான் அழுங்கு ஆபத்தைக் கண்டால் பந்தாய்ச் சுருண்டுகொள்கிறது. மழையில் துருப்பிடித்துப் பழுப்பேறிய அந்தத் தகடுகள் இன்னும் அதன் முதுகில் இருக்கின்றன. குட்டி வாய் வைக்கும் இடத்தில் மட்டும், இன்றுவரை ஒன்றுகூட இல்லை.