மவுசுக்கு அடியில் கைக்கடிகாரம்

கேட்டால் வயிறு எரியும், ஆனாலும் கேளுங்கள். கடைசியில் உங்களிடம் ஒரு தீர்ப்பு கேட்பேன், நழுவக் கூடாது.

ஒரு நகரத்துத் தனியார் மருத்துவமனை. அங்கே குறைமாதக் குழந்தைகளைக் கவனிக்கும் பிரிவில் ஜெபசீலி நர்ஸ். கண்ணாடிப் பெட்டிகளில் கிடக்கும் பிள்ளைகளின் மூச்சும் இதயத் துடிப்பும் மேசைமேல் உள்ள ஒரே கணினித் திரையில் ஓடிக்கொண்டிருக்கும். தாய்மாரின் பெயர், போன் நம்பர் எல்லாமும் அதே கணினியில்தான்.

கணினிப் பாதுகாப்புக்கு அதிகாரியாக வந்தார் தணிகாசலம். கெட்டிக்காரர், அதை நான் மறுக்கவில்லை. வெளியிலிருந்து எவனும் நுழைய முடியாதபடி நெட்வொர்க்கை இறுக்கிக் கட்டினார். கூடவே ஒரு விதி: எந்தக் கணினியையும் இரண்டு நிமிடம் தொடாமல் விட்டால் திரை பூட்டிக்கொள்ளும், திறக்க நீளமான பாஸ்வேர்டு அடிக்க வேண்டும். ஆளில்லாத மேசையில் அந்நியன் உட்காரக் கூடாதே! விதியில் தப்பே இல்லை.

ஆனால், பிள்ளையைத் தொட்டுக்கொண்டிருப்பவள் திரையை எப்படி ஐயா தொடுவாள்? ஒரு நாள் ஜெபசீலி ஒரு குழந்தைக்குக் குழாய் வழியே பால் செலுத்திக்கொண்டிருந்தபோது திரை பூட்டிக்கொண்டது. கையுறையைக் கழற்றி, பாஸ்வேர்டு அடித்து, அது தப்பாகி, மறுபடி அடித்துத் திறந்தால், அடுத்த பெட்டிக் குழந்தைக்கு மூச்சு இறங்கிக்கொண்டிருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தாள், உடம்பு நீலம் பாரித்திருந்தது. எப்படியோ பிழைக்க வைத்துவிட்டு, நேரே தணிகாசலத்தின் அறைக்குப் போனாள்.

“சார், மூச்சு ஓடுற பக்கத்தையாவது பூட்டாம விடுங்க. நம்பர் இருக்கிற பக்கத்தை நல்லா பூட்டிக்குங்க.”

“ஒரு வார்டுக்கு விட்டா எல்லாரும் வந்து நிப்பாங்க சிஸ்டர். விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்.”

மறுபடி போனாள், அதே பதில். அதற்கப்புறம் அறைக்குள்ளேயே விடவில்லை.

பிள்ளைகளைத் தொடுமுன் நர்ஸ்கள் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் கை கழுவுவார்கள். ஜெபசீலி, கழற்றிய கடிகாரத்தின்மேல் மவுசைத் தூக்கி வைத்தாள். மவுசின் அடியில் எரியும் சிறு விளக்குக்கு நேரே நொடிமுள் ஓட ஓட, யாரோ மவுசை அசைக்கிறார்கள் என்று கணினி நினைத்துக்கொண்டது. அதன்பின் திரை பூட்டவே இல்லை.

வந்தது வினை. பால்பவுடர் விற்கும் ஆள் ஒருவன், பார்வையாளர்களோடு உள்ளே வந்து, ஜெபசீலி குழந்தையிடம் குனிந்திருந்த நேரத்தில் திறந்து கிடந்த கணினியிலிருந்து நம்பர்களைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போய்விட்டான். பிள்ளை பிழைக்குமா என்று தவிக்கிற தாய்க்கு, “பால் பத்தலையாம்மா?” என்று போன்! அடப்பாவிகளா!

விசாரணை தணிகாசலத்தின் அறையில் நடந்தது. மருத்துவமனைத் தலைவர் டாக்டர் மரகதவல்லி எதிரே உட்கார்ந்திருந்தார். ஜெபசீலியை நிற்க வைத்தார்கள். வேலை போனால், வேறெந்த மருத்துவமனையும் அவளைச் சேர்க்காது. அவள் கடிகாரம் சாட்சியாக மேசைமேல் கிடந்தது. மவுசும் கடிகாரமும் சேர்ந்திருந்த படத்தைத் தணிகாசலம் தன் கணினியில் திறந்து வைத்துவிட்டு எழுந்தார். குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி பேசினார், பேசினார், காபி வந்து ஆறி ஏடு கட்டும்வரை பேசினார். “இதைப் பாருங்க மேடம், இதைப் பாருங்க” என்று கடைசிவரை அந்தப் படத்தைக் காட்டிக்கொண்டே இருந்தார். வேலைநீக்க உத்தரவு தயார். பெயர் எழுத வேண்டிய இடம் மட்டும் காலி.

இப்போது சொல்லுங்கள்: இதில் யார் செய்தது சரி? அந்தக் காலி இடத்தில் யார் பெயரை எழுதுவீர்கள்?

விடை: ஜெபசீலி செய்தது முழுக்கச் சரி என்று நான் சொல்லமாட்டேன், தாய்மாரின் நம்பர் போனது போனதுதான். ஆனால் அவள் சரியான வழியைக் கேட்டுவிட்டு, கிடைக்காமல்தான் தப்பான வழிக்குப் போனாள். தணிகாசலமோ? காபி ஆறும்வரை யாரும் தொடாத அவர் திரை பூட்டிக்கொள்ளவே இல்லை, கவனித்தீர்களா? மரகதவல்லி கவனித்தார். “உங்க கம்ப்யூட்டர் மட்டும் ஏன் பூட்டிக்கல?” என்று கேட்டார். “சும்மா சும்மா பூட்டிக்கிட்டா எப்படி மேடம் வேலை பாக்கிறது?” என்றார் தணிகாசலம். சொன்னபிறகுதான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. மரகதவல்லி ஒரு கையால் காலி இடத்தை நிரப்பிக்கொண்டே, மறு கையால் கடிகாரத்தை ஜெபசீலியிடம் நீட்டினார். “கட்டிக்கோம்மா. பிள்ளைங்ககிட்ட போ.”