எந்தக் கை முதலில்?

மடிப்பாக்கத்தில் ஒரு ஸ்டேஷனரி கடைக்கு மேலே, மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட ஓர் அறை. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நாங்கள் பன்னிரண்டு பேர் அங்கே போய்ச் சும்மா உட்கார்ந்திருப்போம். சும்மா உட்காரச் சொல்லித்தர ஒரு டீச்சர். பெயர் பூங்கோதை, வயது முப்பத்தொன்று. காவி கிடையாது, ருத்ராட்சம் கிடையாது. பத்து மணிக்கு ஒரு பல் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷன் வேலைக்குப் போயாக வேண்டும்.

எனக்கு ஐம்பத்தேழு. மின்வாரியத்தில் வேலை. எட்டு வருஷமாக உட்காருகிறேன். ஞானம் வந்தபாடில்லை, முழங்கால் வலிதான் வந்திருக்கிறது.

உட்காருவதற்கு முன்னால் யாராவது ஒரு கேள்வி கேட்கலாம். டீச்சர் பதில் சொன்னாலும் சொல்வார், பேசாமல் எழுந்து போய்த் துணி காயப்போட்டாலும் போடுவார். இரண்டும் ஒன்றுதான் என்று பழகிவிட்டது.

அன்றைக்குக் கேட்டது நிரஞ்சனா. டீச்சரைவிட ஐந்து வயது மூத்தவர். பத்து மாசக் கைக்குழந்தை இருக்கிறது. ஆன்லைனில் ஒரு கம்பெனி நடத்துகிறார். குழந்தை குப்புற விழுந்தால், பல் முளைத்தால், தவழ்ந்து போய் வாசப்படி தாண்டினால் கொழுக்கட்டை செய்து அக்கம்பக்கத்துக்குக் கொடுப்போமே, அதை ஃப்ளாட்டில் இருப்பவர்களுக்கு நேரமில்லை என்று இவர் செய்து, ரிப்பன் கட்டி, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்புவார். கம்பெனி பெயர் ‘தத்தக்கா பித்தக்கா’. நல்ல பெயர்தான், நானே ஒருமுறை தங்கை பேரனுக்கு வாங்கியிருக்கிறேன்.

“டீச்சர், குழந்தை, கம்பெனி, ஃப்ரெண்ட்ஸ். மூணையும் எப்படி சமாளிக்கிறது?”

“எது விழுந்துச்சு?” என்றார் டீச்சர்.

“ஒண்ணும் விழல. சும்மா கேட்டேன்.”

“சரி. உக்காருங்க.”

நிரஞ்சனா உட்கார்ந்தார். போனைக் கவிழ்த்து வைத்திருந்தார். அது தரையில் உறுமிக்கொண்டே இருந்தது. பத்து நிமிஷத்தில் எழுந்து போய்விட்டார். முகம் சிவந்திருந்ததை நான் பார்த்தேன்.

அடுத்த சனிக்கிழமை எங்களுக்கு முன்னாலேயே வந்து வாசலில் நின்றிருந்தார்.

“விழுந்துச்சு டீச்சர்” என்றார்.

“சொல்லுங்க.”

“எல்லார் முன்னாடியுமா?”

“யார் முன்னாடி விழுந்துச்சு?”

நிரஞ்சனா எங்களைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார்.

குழந்தை ஆதிரையைப் பார்த்துக்கொள்ள கஸ்தூரி என்று ஓர் அம்மா வந்துகொண்டிருந்தாராம். பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். நிரஞ்சனா அவரைக் கஸ்தூரியக்கா என்றுதான் கூப்பிடுவார். பிரசவத்துக்குப் பிறகு ஃப்ரெண்ட்ஸ் யாரையும் பார்க்க முடியவில்லை. கஃபேயில் அவர்கள் கூடும்போதெல்லாம் இவர் இல்லாத போட்டோ வரும். கம்பெனியையும் கொஞ்சம் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது. குழந்தையோ தவழ்ந்து தவழ்ந்து கதவுவரைக்கும் வர ஆரம்பித்திருந்தது.

“மூணையும் ஒரே நாள்ல முடிச்சுடலாம்னு நெனச்சேன்.”

“எப்படி?”

“ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு ஆதிரை வாசப்படி தாண்டறதா எல்லாரையும் கூப்பிட்டேன்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐயோ, குழந்தைக்கு அப்பாயின்மென்ட்! இருமுவதுபோல் சமாளித்தேன்.

“முப்பத்தெட்டு பேர் வந்தாங்க. பூ அலங்காரம், கேமரா எல்லாம். கஸ்தூரியக்கா உள்ளே குழந்தையைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. நான் வெளியில நின்னு பொம்மையைக் காட்டிக் கூப்பிட்டேன். அப்போ எதிர் வீட்டம்மா கேட்டுட்டாங்க.”

“என்னன்னு?”

“‘மறுபடியுமா? போன வாரமே தாண்டிட்டான்னு கஸ்தூரி கொழுக்கட்டை செஞ்சு எடுத்துட்டு வந்து குடுத்தாளே’ன்னு.”

கீழே கடைக்காரர் ஷட்டரைத் தூக்கும் சத்தம் கேட்டது.

“எல்லாரும் என்னையே பாத்தாங்க. நான்...” நிரஞ்சனா நிறுத்தினார். “நான் கஸ்தூரியக்காவைப் பாத்து, ‘எதுக்கு கஸ்தூரி இப்படிப் பொய் சொல்லிட்டுத் திரியறே?’ன்னு கேட்டுட்டேன் டீச்சர்.”

‘அக்கா’ போய்விட்டது. மரியாதையும் போய்விட்டது. ஒரே வாக்கியத்தில்.

“அவங்க என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லல. குழந்தையை எதிர் வீட்டம்மா கையில குடுத்தாங்க. தோள்ல போட்டிருந்த துண்டை மடிச்சு சோபா மேல வெச்சாங்க. செருப்பைப் போட்டுட்டுப் போயிட்டாங்க. நான் குழந்தையைத் தூக்கி வாசப்படிக்கு அந்தப் பக்கம் வெச்சேன். எல்லாரும் கை தட்டினாங்க.”

“அவங்க சொன்னது உண்மையா?”

“உண்மைதான். எனக்கு அப்பவே தெரியும். அவங்க பொய் சொல்ற ஆளே இல்ல. ஆனா அம்மாவுக்கே தெரியாம குழந்தை தாண்டிடுச்சுன்னா, அதையே தொழிலா வெச்சிருக்கிற நான் என்ன ஆவேன்? வெக்கமா இருக்கு டீச்சர். கண்ணாடியைப் பாக்க முடியல.”

டீச்சர் எழுந்தார். நேராக அறை வாசலுக்குப் போனார். துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, கைகளை ஊன்றி மண்டி போட்டு, குழந்தை மாதிரியே நாலு எட்டு தவழ்ந்தார். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வாசப்படிக்கு முன்னால் வந்ததும் டீச்சர் அப்படியே நின்றார்.

“இதுவரைக்கும் வந்துட்டேன். இப்போ எந்தக் கையை முதல்ல வைக்கணும்?”

“டீச்சர்?”

“ஆதிரை எந்தக் கையை வெச்சா? அதே மாதிரி நானும் வைக்கிறேன். சொல்லுங்க.”

நிரஞ்சனா தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டார்.

“தெரியாது.”

“யாருக்குத் தெரியும்?”

“கஸ்தூரியக்காவுக்கு.”

“முழங்கால் வலிக்குதுங்க. சீக்கிரம் கேட்டுட்டு வாங்க” என்றார் டீச்சர்.

எனக்குத்தான் அந்த வலி தெரியும். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை நிரஞ்சனா ஒரு பெட்டியோடு வந்தார். கம்பெனிப் பெட்டிதான். ரிப்பன்கூடப் பிரிக்காமல் இருந்தது.

“கஸ்தூரியக்காவுக்கு அனுப்பினேன் டீச்சர். நல்ல ஏலக்காய் போட்டுச் செய்யச் சொல்லி, உள்ளே ஸாரின்னு கார்டும் வெச்சேன். டெலிவரி பையன் திருப்பிக் கொண்டு வந்துட்டான். வாங்க மாட்டேன்னுட்டாங்களாம்.”

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. “என்னம்மா இது, செஞ்ச காரியத்துக்குக் கூரியர்ல மன்னிப்பா?” என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

டீச்சர் என் பக்கம் திரும்பினார். “சார், உங்க வீட்ல பாத்திரம் தேய்க்க ஒரு அம்மா வர்றாங்கன்னு சொல்வீங்களே, அவங்க பேர் என்ன?”

ஒன்பது வருஷமாக வருகிறார். யோசித்துப் பார்த்தேன். எனக்குப் பெயர் தெரியாது. காது சுட்டது. அதற்குப் பிறகு அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை.

டீச்சர் பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“அவங்க கொழுக்கட்டை செஞ்சாங்களே, உங்களுக்குக் குடுக்கலையா?”

“எனக்கா? இல்ல டீச்சர். எனக்குத் தெரியக்கூடாதுன்னுதானே...”

நிரஞ்சனா பாதியில் நின்றார். கை தானாகவே வாய்க்குப் போனது.

“குடுத்தாங்க” என்றார் மெதுவாக.

“எப்போ?”

“அந்த ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி புதன்கிழமை. நான் ரூம்ல மீட்டிங்ல இருந்தேன். ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவை லேப்டாப் பக்கத்துல வெச்சுட்டு அங்கேயே நின்னாங்க. நான் ஸ்கிரீனைப் பாத்துக்கிட்டே ரெண்டு எடுத்துத் தின்னேன். நல்லா இருக்குன்னு கையைக் காட்டினேன். இன்னும் நின்னுட்டே இருந்தாங்க. மீட்டிங்ல இருக்கேன்னு சைகை பண்ணினேன். கதவைச் சாத்திட்டுப் போயிட்டாங்க.”

“என்ன கொழுக்கட்டைன்னு கேக்கலையா?”

“கேக்கல.” நிரஞ்சனாவுக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னார். “ஊர்ல எல்லார் வீட்டுக் கொழுக்கட்டையும் எதுக்குன்னு எனக்குத் தெரியும் டீச்சர். என் பொண்ணோட கொழுக்கட்டையை எதுக்குன்னு தெரியாமலே தின்னிருக்கேன். அவங்க கேக்க மாட்டேனான்னு நின்னிருக்காங்க.”

டீச்சர் பெட்டியை அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

“பெரும்பாக்கத்துக்கு எத்தனை பஸ்?” என்று மட்டும் கேட்டார்.

“ரெண்டு.”

“அப்போ கிளம்புங்க. இன்னைக்கு உக்கார வேண்டாம்.”

நாலாவது சனிக்கிழமை நிரஞ்சனா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். ஆதிரை எங்கள் ஒவ்வொருவரையும் இன்ஸ்பெக்டர் மாதிரி பார்த்தாள். என் கண்ணாடியைப் பிடுங்கினாள். பிடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

“போனீங்களா?” என்றார் டீச்சர்.

“போனேன். ஆதிரையைத் தூக்கிட்டு ரெண்டு பஸ் மாறித்தான் போனேன். மூணாவது மாடி. உள்ள வாங்கன்னு சொல்லல. வாசல்லயே நின்னு, நான்தான் பொய் சொன்னேன், மன்னிச்சுடுங்கக்கான்னேன்.”

“அவங்க?”

“‘என்கிட்ட எதுக்கு வந்து சொல்றீங்க? நான் பொய் சொல்லலன்னு எனக்குத்தான் தெரியுமே. அன்னைக்கு நின்னாங்களே, அவங்ககிட்ட சொல்லுங்க’ன்னாங்க.”

“சொன்னீங்களா?”

“அங்கேயே, அவங்க வாசல்ல நின்னே, முப்பத்தெட்டு பேருக்கும் வாய்ஸ் மெசேஜ் போட்டேன். கஸ்தூரியக்கா சொன்னதுதான் நிஜம், என் குழந்தை தாண்டினதை நான் பாக்கல, பாத்த மாதிரி நடிச்சேன்னு. கம்பெனி பேஜ்ல போட்டிருந்த அன்னைக்கு வீடியோவையும் டெலீட் பண்ணிட்டேன். மூணு தடவை அழிச்சு அழிச்சுப் பேசினேன். அவங்க பக்கத்துலயே நின்னு மூணு தடவையும் கேட்டாங்க.”

“அப்புறம்?”

“ஃப்ரெண்ட்ஸ்ல பாதிப் பேர் பேசறதில்ல. பதிலுக்கு ஒருத்தி வெறும் சிரிக்கிற இமோஜி போட்டா. ஆர்டர் குறைஞ்சுடுச்சு. கஸ்தூரியக்கா இனிமே வேலைக்கு வர மாட்டாங்களாம். குழந்தையைப் பாக்கத் தோணினா வருவாங்களாம்.”

சொல்லிவிட்டு நிரஞ்சனா குழந்தையை இறக்கித் தரையில் விட்டார். அது உடனே வாசலைப் பார்த்துத் தவழ ஆரம்பித்தது.

“எந்தக் கைன்னு கேட்டீங்களா?” என்றார் டீச்சர்.

“கேட்டேன்.” அவர் குரல் இறங்கிவிட்டது. “கையே இல்ல டீச்சர்.”

குழந்தை எங்கள் வாசப்படிக்கு வந்தது. நின்றது. குனிந்து அந்தப் பக்கம் பார்த்தது. பிறகு மெல்ல மெல்ல முழுசாகத் திரும்பி, எங்களைப் பார்த்தபடி, ஒரு காலைப் பின்னால் நீட்டித் துழாவியது. கால் தரையைத் தொட்டதும் அடுத்த கால். வயிறு படியில் தேய்ந்தது. மூச்சிரைத்தது. கடைசியாகக் கைகளை எடுத்தது.

“அன்னைக்கும் இப்படித்தான் போயிருக்கா” என்றார் நிரஞ்சனா. “பின்பக்கமா. நான் மீட்டிங்ல இருந்த ரூம் கதவு உள்ள சாத்தியிருக்கு. அந்தக் கதவையே பாத்துக்கிட்டு இறங்கினாளாம். இறங்கி முடிச்சுட்டும் அதையேதான் பாத்தாளாம். கஸ்தூரியக்கா கதவைத் தட்டலாமான்னு ரெண்டு தடவை கையைத் தூக்கியிருக்காங்க. திட்டுவேன்னு தட்டலையாம்.”

அவர் எழுந்து போய் வாசப்படிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். குழந்தை அவர் மடியில் ஏறியது. அவர் அழுதார், மறைக்கவில்லை. எனக்கும் கண் கலங்கியது. கண்ணாடி குழந்தையிடம் இருந்ததால் துடைக்க வசதியாக இருந்தது.

குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே நிரஞ்சனா கேட்டார்.

“எல்லாம் செஞ்சுட்டேன் டீச்சர். ஆனா இந்த வெக்கம் மட்டும் போக மாட்டேங்குது. இது எப்ப போகும்?”

டீச்சர் மணியைப் பார்த்தார். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். குழந்தை கையிலிருந்து என் கண்ணாடியை மெதுவாக வாங்கி என்னிடம் கொடுத்தார்.

“இப்பதானே வந்திருக்கு” என்றார். “கொஞ்ச நேரம் உக்காரட்டும்.”