கரையான் தொடாத பலகை

பதினோரு வருடம் பேசாமல் இருந்த சிநேகிதர் அந்துவான், மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவதாகப் போன் செய்துவிட்டார். அன்றிலிருந்து புதுச்சேரி தணிகாசலத்துக்குத் தரையில் கால் பாவவில்லை. வந்தவர் வாசலோடு திரும்பிவிடாமல் உட்கார்ந்து பேச வேண்டுமே. அதற்காக மாடியில் தன் கையாலேயே ஒரு சின்ன பார் கட்டிவிடுவது என்று கிளம்பிவிட்டார்.

அவருக்கு வயது அறுபத்து மூன்று. தச்சு வேலையில் அவருடைய குரு பூங்கோதைக்கு முப்பத்திரண்டு. அதனால் என்ன, வாய் நிறைய "மேஸ்திரி" என்றுதான் கூப்பிடுவார்.

கடற்கரை விடுதி ஒன்றைப் பிரித்தபோது பச்சைச் சாயலில் நல்ல பலகைகள் விலைக்குக் கிடைத்தன. கரையான் அரிக்காமலிருக்க, அழுத்தம் கொடுத்து உள்ளே மருந்து ஏற்றிய மரம். முகமூடி போட்டு வெளியே வைத்து அறுக்க வேண்டும், கை கழுவாமல் எதையும் வாயில் வைக்கக் கூடாது, அடிச்சட்டத்துக்கு மட்டும்தான் இந்த மரம் என்று மேஸ்திரி முதல் நாளே சொல்லியிருந்தாள். சிஷ்யர் தலையாட்டினார். தலையாட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

வெள்ளிக்கிழமை அவள் வந்தபோது, இரண்டு துண்டுகளைத் தூக்கிக்கொண்டு எதிரே ஓடி வந்தார். பத்து நாளாகத் தோட்டத்துக் கரையான் புற்றோரம் போட்டு வைத்தவை. மாமரத் துண்டு கைபட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. பச்சைத் துண்டில் ஒரு கீறல்கூட இல்லை.

உடனே திட்டத்தை மூச்சுவிடாமல் சொன்னார். மேல்பலகை முழுக்க இந்த மரம்தான். தட்டே வேண்டாம், வஞ்சிர வறுவலை அப்படியே பலகையில் பரப்பிவிடலாம். வெட்டி மிஞ்சிய துண்டுகளை அடுப்புப் பக்கம் அடுக்கியாகிவிட்டது, மீன் சுட அதுவே போதும்.

"கரையானே கிட்ட வரல. இதவிட நல்ல மரம் உண்டா மேஸ்திரி?"

பூங்கோதை நேராக அடுப்பிடம் போனாள். அடுப்புப் பக்கம் இருந்த துண்டுகளை ஒன்றுவிடாமல் சாக்கில் போட்டுக் கட்டினாள். இது எரியவே கூடாது, புகை மருந்தோடுதான் வரும் என்றாள்.

பிறகு ஒரு எலுமிச்சம்பழத்தைப் பச்சைப் பலகையில் வைத்து அறுத்தாள். பலகையில் ஓடிய சாற்றை எலுமிச்சைத் துண்டாலேயே வழித்து எடுத்து, தண்ணீரில் பிழிந்தாள். கிளாஸைச் சிஷ்யர் முன்னால் வைத்தாள்.

"குடிச்சுப் பாருங்க ஐயா."

தணிகாசலம் சிரித்துக்கொண்டே எடுத்தார். உதடு வரை போன கை அங்கேயே நின்றது.

"இதுல மருந்து இறங்கியிருக்குமே."

"இருக்கும். என்ன மருந்துன்னு வித்தவங்களுக்கே தெரியல."

கிளாஸை மெல்லக் கீழே வைத்தார். ஆசை ஆசையாகப் போட்ட திட்டம் அத்தனையும் அப்போதுதான் அவருக்குப் பயமாகத் தெரிந்தது.

"கரையான் தொடலையேன்னு நம்பிட்டேன்," என்றார்.

"கரையானுக்கு உங்களத் தெரியாதுங்க, அதான் தொடல. அந்துவானுக்கு உங்களத் தெரியும். நீங்க குடுத்தா கேக்காம குடிச்சிருவாரு."