எதிரே வந்த குடம்

போன மார்கழியில் பஜனை முடிந்து திரும்பும்போது ரெங்கநாயகி அக்கா சொன்ன கதை இது.

நகராட்சித் தேர்தலுக்குத் தங்கள் வேட்பாளர் யாரென்று கட்சிக்காரர்களே ஓட்டுப் போட்டார்கள். ஐஸ் கம்பெனி முதலாளி தணிகாசலம் ஜெயித்தார். இட்லிக்கடை செங்கமலம் தோற்றாள். அவள் தெருக்குழாயில் மூன்று மாதமாகத் தண்ணீர் இல்லை. அதற்காகத்தான் அவள் நின்றதே.

"தோத்தவ ஆதரவு தரணும். வேட்புமனு கொடுக்க நான் கிளம்பும்போது நீதான் நிறைகுடத்தோட எதிரே வரணும். வரலேன்னா கட்சியில இருக்க முடியாது" என்றார் தணிகாசலம்.

"அதுக்கென்ன அண்ணாச்சி, வந்துட்டாப் போச்சு."

மறுநாள் காலை, கழுத்தில் மாலையும் முன்னே மேளமுமாக அவர் வாசலிறங்கினார். எதிரே செங்கமலம் பூ வைத்து, இடுப்பில் குடத்தோடு நின்றாள். குடம் காலி. அவர் எடுத்து வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"என்னம்மா இது, வெறுங்குடத்தோட?"

"குழாயில வரலையே அண்ணாச்சி."

"எங்க கம்பெனியில பிடிச்சுக்க."

"எங்க தெரு ஆதரவு எங்க தெருத் தண்ணியிலதானே வரணும்?"

"ராகுகாலத்துக்கு இருபது நிமிஷம்தான் இருக்கு" என்றார் கூட வந்த ஜோசியர்.

தணிகாசலத்துக்கு வியர்த்துவிட்டது. "டேய் வாட்ச்மேன், நம்ம கம்பெனிக்குத் திருப்பின வால்வை அவங்க தெருவுக்குத் திறந்து விடு" என்று கத்தினார்.

மேளம் நின்றது. ஊரே அவரைப் பார்த்தது.

பத்து நிமிஷத்தில் செங்கமலம் தளும்பத் தளும்ப எதிரே வந்தாள். "எல்லாரும் அண்ணாச்சிக்கே போடுங்க. அஞ்சு வருஷமும் தினம் காலையில நான் இதே இடத்துல நிப்பேன். குடம் நிறைஞ்சிருக்கிறது அவர் பொறுப்பு" என்றாள்.

கூட்டத்தோடு சேர்ந்து அவரும் சிரிக்கத்தான் வேண்டியிருந்தது.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். தெருக்குழாய் சொட்டிக்கொண்டிருந்தால், மூடிவிட்டுப் போங்கள்.